போ ஜாக்சன்: முடியாது என்று சொல்லத் தெரிந்த ஆட்டக்காரர்

1986 ஏப்ரல் 29. அமெரிக்கக் கால்பந்தின் உச்ச லீக்கான என்எஃப்எல், கல்லூரி வீரர்களை அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் நாள். டிராஃப்ட் என்று அதற்குப் பெயர். முதல் வாய்ப்பு டாம்பா பே பக்கனியர்ஸ் அணிக்குக் கிடைத்தது. அவர்கள் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் போ ஜாக்சனை எடுத்தார்கள். தன்னை எடுத்தால் அந்த வாய்ப்பு வீணாகும், அந்த அணிக்குத் தான் ஒருநாளும் ஆடப்போவதில்லை என்று ஜாக்சன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பெரும் பணத்தைக் கண் முன்னால் வைத்தால் 23 வயது இளைஞர் இறங்கி வந்துவிடுவார் என்று நிர்வாகம் நினைத்திருக்க வேண்டும். அவர் இறங்கவில்லை.

ஜாக்சனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து இரண்டிலும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வான முதல் மனிதர் என்பது ஒன்று. 28 வயதில் ஒரே ஒரு பிடியில் கீழே விழுந்து கால்பந்து வாழ்க்கை முடிந்துபோனது என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் இவற்றுக்கு நடுவே நடந்ததைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். எங்கே ஆடுவது என்று ஆட்டக்காரரைக் கேட்காத ஒரு அமைப்பில், எங்கே, எப்போது, எவ்வளவுக்கு என்பதை அவரே முடிவு செய்தார். அந்தப் பலத்தை அவருக்குக் கொடுத்தது இரண்டாவது விளையாட்டு. கடைசியில் அவருடைய இடுப்பைப் பறித்ததும் இரண்டாவது விளையாட்டுதான்.

பெஸ்ஸமரில் தொடங்கியது

அலபாமா மாநிலத்தில் பெஸ்ஸமர் ஒரு எஃகு ஆலை ஊர். அங்கே 1962 நவம்பர் 30 அன்று வின்சென்ட் எட்வர்ட் ஜாக்சன் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் எட்டாவது. அம்மா ஃப்ளாரன்ஸ், வீட்டு வேலை செய்து அத்தனை பேரையும் வளர்த்தார். அப்பா அந்த வீட்டில் இல்லை. பையனுக்குத் திக்குவாய் உண்டு. பேச்சு வராத இடத்தில் கை பேசியது. அடிதடியும் கல்லெறிதலுமாக இருந்த அவனைக் குடும்பத்தார் காட்டுப்பன்றியோடு ஒப்பிட்டார்கள். ‘போ’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

13 வயதில், ஊர்ப் பாதிரியார் ஒருவருடைய பன்றிகளைக் கூட்டாளிகளோடு சேர்ந்து கல்லால் அடித்தார். பன்றிகள் செத்தன. சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிடுவேன் என்று அம்மா மிரட்டினார், வெறும் மிரட்டலுக்காக அல்ல. வேலை பார்த்து நஷ்டத்தை அடைத்த பிறகுதான் பையன் விளையாட்டுப் பக்கம் ஒழுங்காகத் திரும்பினார். ஃப்ளாரன்ஸ் இந்தக் கதையில் ஓரமாக வந்து போகிறவர் அல்ல. மகனுடைய பெரிய முடிவுகளில் பலவற்றுக்குப் பின்னால் அவர் இருக்கிறார்.

மெக்கடோரி உயர்நிலைப் பள்ளியில் ஜாக்சன் எல்லாவற்றையும் ஆடினார். கடைசி ஆண்டில் 25 பேஸ்பால் ஆட்டங்களில் 20 ஹோம் ரன், அதாவது பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது. பத்துப் போட்டிகள் கொண்ட டெக்கத்லானில் இரண்டு முறை மாநில சாம்பியன். பத்தாவது போட்டியான 1500 மீட்டர் ஓட்டத்தை அவர் ஓடவே இல்லை. அதற்கு முந்தைய ஒன்பதிலேயே எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்குப் புள்ளிகள் சேர்த்துவிட்டிருந்தார். பயிற்சியை விரும்பாதவர், ஆனால் எது தேவை, எது தேவையில்லை என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் என்பது அப்போதே தெரிகிறது.

1982ல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி இரண்டாவது சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது. வறுமையில் இருந்த குடும்பத்துக்கு அந்தப் பணம் பெரிய பணம். அம்மாவோ, முதலில் கல்லூரி என்றார். மகன் யாங்கீஸிடம் மறுத்துவிட்டு ஆபர்ன் போனார். அவருடைய முதல் ‘முடியாது’ அது.

ஆபர்ன்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் சாதனைகள் தாமே பேசும். முதல் ஆண்டிலேயே, பரம எதிரியான அலபாமா பல்கலைக்கழகத்துக்கு எதிராக, கோட்டருகே குவிந்து நின்ற ஆட்களின் தலைக்கு மேலே பாய்ந்து, பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டார். ஆபர்ன் 23-22 என்று வென்றது. அலபாமாவிடம் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் தோற்ற அணி அது. அந்த மாநிலத்தில் இந்த ஒரு ஆட்டத்தை வைத்து ஆண்டு முழுக்கச் சொந்தக்காரர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள் என்பதால், அந்த ஒரு பாய்ச்சலே அவரை ஊரறிந்தவராக்கியது. 1985ல் 1,786 கெஜம் ஓடி, கல்லூரிக் கால்பந்தின் மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். அதே ஆண்டு பேஸ்பாலில் அவருடைய பேட்டிங் சராசரி .401. பத்து முறை பேட் பிடித்தால் மூன்று முறை ஹிட் அடிப்பவரையே நல்ல ஆட்டக்காரர் என்று சொல்லும் விளையாட்டு அது.

ஒரு விமானப் பயணம்

1986 வசந்த காலத்தில், டாம்பா பே அணியின் உரிமையாளர் ஹியூ கல்வர்ஹவுஸ் தன் தனி விமானத்தில் ஜாக்சனை அழைத்துப் போனார். உடல் பரிசோதனை, ஊரைச் சுற்றிப் பார்ப்பது என்று வழக்கமான வருகைதான். கல்லூரி விளையாட்டு விதிகளின்படி இதற்கு அனுமதி வாங்கியாகிவிட்டது என்று தன்னிடம் சொன்னார்கள் என்பது ஜாக்சன் தரப்பு. அனுமதி வாங்கப்படவில்லை. அந்தப் பயணத்தைக் காரணம் காட்டி, கடைசி ஆண்டின் மீதிப் பேஸ்பால் ஆட்டங்கள் அனைத்திலும் ஆட அவருக்குத் தகுதியில்லை என்று அறிவிக்கப்பட்டது.

பேஸ்பாலிலிருந்து தன்னைப் பிரிப்பதற்காக வேண்டுமென்றே செய்த வேலை இது என்று ஜாக்சன் உறுதியாக நம்பினார், இன்றும் நம்புகிறார். அது திட்டமா, கவனக்குறைவா என்பது வேறு விவாதம். விளைவு ஒன்றுதான். அந்த அணியின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை ஒரே நாளில் போனது.

இப்போது அவர் கையில் இருந்ததைப் பாருங்கள். டிராஃப்ட் முறையில் ஒரு அணி உங்களை எடுத்துவிட்டால், அந்த ஆண்டு முழுக்க நீங்கள் அந்த லீக்கில் வேறு யாரோடும் பேச முடியாது. ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஓராண்டு சும்மா உட்கார்ந்துவிட்டு மறுபடி டிராஃப்டுக்குப் போக வேண்டும். பெரும்பாலான இளைஞர்களால் உட்கார முடியாது. அதனால்தான் அணிகளின் கை ஓங்கியிருக்கிறது. ஜாக்சனுக்கு மட்டும் அந்த ஓராண்டில் செய்ய வேறு வேலை இருந்தது. கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் பேஸ்பால் அணி நான்காவது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. டாம்பா பே ஐந்து ஆண்டுகளுக்கு 70 லட்சம் டாலருக்கு மேல் தரத் தயாராக இருந்ததாக அன்றைய செய்திகள் சொன்னன. ராயல்ஸோடு அவர் போட்ட மூன்று ஆண்டு ஒப்பந்தம் 10 லட்சம் டாலரைச் சற்றே தாண்டியது. அதில்தான் கையெழுத்திட்டார்.

இதை ரோஷம் என்று மட்டும் சொல்வது சரியாக இருக்காது. அடுத்த ஆண்டு நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு புரியும். 1987 டிராஃப்டில், பேஸ்பாலுக்கே போய்விட்ட ஆளை எடுத்து என்ன பயன் என்று எல்லா அணிகளும் தாண்டிப் போக, ஏழாவது சுற்றில் 183வது ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் ரெய்டர்ஸ் அவரை எடுத்தது. உரிமையாளர் அல் டேவிஸ் முன்வைத்த ஏற்பாடு வேறு மாதிரி இருந்தது. பேஸ்பால் பருவத்தை முழுசாக ஆடி முடி, அப்புறம் இங்கே வா, வந்த பிறகு முழுநேர நட்சத்திரத்துக்கு உண்டான சம்பளம். ஐந்து ஆண்டு, 74 லட்சம் டாலர் அளவிலான ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. முந்தைய ஆண்டு விட்டுக்கொடுத்ததாக எல்லோரும் நினைத்த தொகை ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்தது, பேஸ்பாலையும் விடாமல்.

பேஸ்பால் முடிந்த பிறகு செய்வதெல்லாம் தனக்குப் பொழுதுபோக்கு என்று அப்போது அவர் பேட்டியில் சொன்னது இரண்டு பக்கமும் கோபத்தைக் கிளப்பியது. ராயல்ஸ் ரசிகர்கள் மைதானத்துக்குள் பொம்மைக் கால்பந்துகளை எறிந்தார்கள். சக ஆட்டக்காரர்களிடமும் கசப்பு இருந்தது. நியாயமான கசப்புதான் என்று நினைக்கிறேன். பேஸ்பாலை வாழ்க்கையாக வைத்திருக்கிறவர்களுக்கு, பக்கத்து லாக்கரில் இருப்பவர் வேறு ஆட்டத்தில் கால் உடைத்துக்கொள்ளக்கூடும் என்பது சின்ன விஷயம் அல்ல.

நான்கு ஆண்டுகள்

1987 நவம்பர் 30, அவருடைய 25வது பிறந்தநாள். சியாட்டிலில் திங்கள் இரவு ஆட்டம், நாடே டிவி முன்னால். 221 கெஜம் ஓடினார். அதில் ஒரே ஓட்டமாக 91 கெஜம். எல்லைக் கோட்டைத் தாண்டிய வேகத்தில் மைதானத்தை விட்டே வெளியேறும் சுரங்கப் பாதைக்குள் போய்விட்டார். அதே ஆட்டத்தில், வாய்ச்சவடாலுக்குப் பேர்போன தடுப்பாளர் பிரையன் பாஸ்வொர்த்தைக் கோட்டருகே நேருக்கு நேர் மோதித் தள்ளிக்கொண்டே டச் டவுன் போட்டார். ரெய்டர்ஸில் அவருக்கு முன்பே மார்க்கஸ் ஆலன் என்ற மிகச் சிறந்த ஓட்டக்காரர் இருந்தார். ஜாக்சன் அக்டோபரில் வந்து சேரும்போதெல்லாம் ஆலன் இடம் மாறி அவருக்கு வழி திறந்துவிடும் வேலையைச் செய்தார். அதற்கான பாராட்டு ஆலனுக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை.

பேஸ்பாலில் அவர் குறையில்லாத ஆட்டக்காரர் அல்ல. 1989ல் அமெரிக்கன் லீக்கிலேயே அதிகமாக, 172 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அதாவது பந்தை அடிக்க முடியாமல் வெளியேறினார். ஆத்திரத்தில் பேட்டைத் தொடையில் வைத்து விறகு மாதிரி இரண்டாக உடைப்பார். ஆனால் அதே ஆண்டு 32 ஹோம் ரன், 105 ரன் சேர்ப்பு. ஜூன் 5 அன்று சியாட்டிலில், சுவரோரத்தில் பந்தை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே ஏறத்தாழ 300 அடி தூரம், தரையில் படாமல், பேட் பிடிப்பவருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் கைக்கு எறிந்து, வேகமான ஓட்டக்காரரான ஹரால்ட் ரெனால்ட்ஸை அவுட் ஆக்கினார். பழைய வீடியோவில் பாருங்கள். தான் அவுட் என்பதை ரெனால்ட்ஸால் நம்பவே முடியவில்லை.

ஜூலை 11 அன்று அனஹைமில் ஆல் ஸ்டார் ஆட்டம். முதல் ஆளாக இறங்கி, ரிக் ரூஷல் போட்ட பந்தை 448 அடி தூரம் அடித்தார். வர்ணனை அறையில் வர்ணனையாளர் வின் ஸ்கல்லியோடு முன்னாள் அதிபர் ரொனால்ட் ரீகன் உட்கார்ந்திருந்தார். அன்றைய சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஜாக்சனுக்கே. அதே ஒளிபரப்பில்தான் நைக்கி நிறுவனத்தின் ‘போ நோஸ்’ விளம்பரம் ஓடியது. எந்த விளையாட்டை எடுத்தாலும் போவுக்குத் தெரியும் என்று சொல்லும் அந்த விளம்பரம் அவரை விளையாட்டு பார்க்காதவர்கள் வீட்டுக்கும் கொண்டுபோனது.

1990 பருவத்துக்கான கால்பந்து நட்சத்திர ஆட்டமான ப்ரோ பௌலுக்கும் தேர்வானார். இரண்டும் கைக்கு வந்த நேரத்தில்தான் அந்தக் காயம் நேர்ந்தது.

இடுப்பு

1991 ஜனவரி 13. லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டம். வலது ஓரமாக 34 கெஜம் ஓடியவரைப் பின்னாலிருந்து கெவின் வாக்கர் காலைப் பிடித்து இழுத்தார். அந்தப் பிடியில் எந்த முரட்டுத்தனமும் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் பல முறை நடப்பதுதான். கால் ஒரு கணம் நின்றது, உடம்பு முன்னே போனது. அந்த உடம்பின் எடையும் வேகமும் அதன் தொடைத் தசையின் பலமுமே சேர்ந்து இடது தொடை எலும்பின் தலையைக் குழியிலிருந்து நகர்த்திவிட்டன. தானே அதை உள்ளே தள்ளிப் பொருத்தியதாக ஜாக்சன் பிற்பாடு சொன்னார்.

இந்தக் காயத்தில் ஆபத்து எலும்பு நகர்ந்ததில் மட்டும் இல்லை. தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மெல்லியவை. எலும்பின் கழுத்தைச் சுற்றி ஏறிப் போகின்றன. மூட்டு நகரும்போது அவை கிழியலாம், அல்லது மூட்டுக்குள் ரத்தம் தேங்கி அந்த அழுத்தத்தில் அடைபடலாம். வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. எலும்பு மட்டும் உள்ளே ரத்தம் இல்லாமல் மெதுவாகச் சாகும். செத்த எலும்பு உடம்பின் எடையைத் தாங்க முடியாமல் நொறுங்கும், மேலே இருக்கும் குருத்தெலும்பும் போகும். ஜாக்சனுக்கு நடந்தது இதுதான்.

இன்றைக்கு இப்படி ஒரு காயம் என்றால் உடனே எம்ஆர்ஐ எடுத்து, மூட்டில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாரக்கணக்கில் அந்தக் காலில் எடை வைக்க விடமாட்டார்கள். 2019 நவம்பரில் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்த ஆட்டத்தில், அலபாமா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டுவா டகோவைலோவாவுக்கு இடுப்பு மூட்டு விலகியதோடு குழியின் பின்சுவரும் உடைந்தது. உடனடியாக மூட்டைச் சரிசெய்து, இரண்டு நாளில் ஹூஸ்டனில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அடுத்த ஆண்டே அவர் என்எஃப்எல்லில் ஆடினார். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்தே எல்லோரும் பேசியது ஜாக்சனைப் பற்றித்தான். இரண்டு காயங்களும் ஒன்றல்ல, ஒப்பிடுவதற்கு எல்லை உண்டு. இருந்தாலும் முதல் மணி நேரங்கள் எவ்வளவு முக்கியம் என்று 1991ஐ விட இப்போது நன்றாகத் தெரியும்.

இரண்டு விளையாட்டு ஆடியதால்தான் உடம்பு தேய்ந்து இப்படி ஆனது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தேய்மானத்தால் வந்த காயம் அல்ல இது, ஒரு நொடியில் வந்தது. கால்பந்து மட்டுமே ஆடியிருந்தாலும் வந்திருக்கலாம். ஆனால் பேஸ்பால் மட்டும் ஆடியிருந்தால் ஏறக்குறைய நிச்சயமாக வந்திருக்காது. அவர் ஏற்றுக்கொண்ட ஆபத்து அதுதான்.

மார்ச் 18 அன்று ராயல்ஸ் அவரை விடுவித்தது. ஊன்றுகோலோடு இருந்தவரை இரண்டே வாரத்தில் சிகாகோ வைட் சாக்ஸ் ஒப்பந்தம் செய்தது. அந்த ஆண்டின் கடைசி மாதத்தில் 23 ஆட்டங்கள் ஆடினார், ஆனால் மூட்டு தாங்கவில்லை. 1992 ஏப்ரலில் செயற்கை இடுப்பு பொருத்தப்பட்டது. அந்த ஆண்டே அம்மா ஃப்ளாரன்ஸ் புற்றுநோயில் இறந்தார்.

1993 ஏப்ரல் 9. சிகாகோவில் யாங்கீஸுக்கு எதிராக, இன்னொருவருக்குப் பதிலாகப் பேட் பிடிக்க வந்தார். செயற்கை இடுப்போடு முதல் முறை. முதல் வீச்சிலேயே பந்து சுவரைத் தாண்டிப் போனது. அந்த ஹோம் ரன் அம்மாவுக்காக என்றார். அந்தப் பருவத்தில் 16 ஹோம் ரன் அடித்தார். வைட் சாக்ஸ் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஓட்டம் போய்விட்டது, திடீரென்று திரும்பும் வேகம் போய்விட்டது. கையின் பலமும் பிடிவாதமும் மட்டும் மீதி இருந்தன. அவருடைய எல்லாச் சாதனைகளிலும் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது, ஆள் பாதியாகிப் போன இந்த ஆண்டுதான். 1994ல் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்காக 75 ஆட்டங்கள். ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதற்குப் பிறகு அவர் திரும்பவில்லை.

அதன் பிறகு

1995ல் ஆபர்னில் விட்ட படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார். 1982ல் யாங்கீஸ் பணத்தை மறுத்ததற்குக் காரணமான வாக்கு அது. வாக்குக் கொடுக்கப்பட்டவர் அதைப் பார்க்க இல்லை.

2011 ஏப்ரல் 27 அன்று அலபாமாவைச் சூறாவளிகள் சூறையாடின. மறு ஆண்டிலிருந்து மாநிலத்தின் குறுக்கே சைக்கிள் ஓட்டி, பேரிடர் நிதி திரட்டும் நிகழ்ச்சியைத் தொடங்கினார். 2022ல் டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் இறுதிச் சடங்குச் செலவை ஏற்றார். அவர்தான் கொடுத்தார் என்பது பல வாரம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

2017ல் ஒரு பேட்டியில், தலையில் விழும் அடிகள் மூளையை என்ன செய்யும் என்று இன்று தெரிவது அன்று தெரிந்திருந்தால் கால்பந்தே ஆடியிருக்க மாட்டேன் என்றார். இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய சாட்சியம் இது. இடுப்பைப் பற்றி அவர் பெரிதாகப் புலம்பியதே இல்லை. அது தெரிந்தே எடுத்த முடிவின் விலை. மூளைக்கு வரும் கேட்டை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆகவே அதில் அவருக்கு மறுக்கும் வாய்ப்பே இருக்கவில்லை.

எண்களை அடுக்கினால் என்எஃப்எல்லில் 38 ஆட்டங்கள், 2,782 கெஜம். பேஸ்பாலில் 694 ஆட்டங்கள், 141 ஹோம் ரன், .250 சராசரி. ராயல்ஸ் அணி 2024ல் தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது. இரு விளையாட்டுகளின் தொழில்முறைப் புகழ் மண்டபங்களிலும் அவர் இல்லை. நீண்ட காலம் ஆடியவர்களுக்கான அளவுகோல் அது, அதில் அவர் தேறமாட்டார் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர் திறந்த கதவைப் பார்க்க வேண்டுமென்றால் கைலர் முர்ரேயின் கதையைப் பார்க்கலாம். 2018ல் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணி அவரை ஒன்பதாவது ஆளாக எடுத்து, 46 லட்சம் டாலருக்கு மேல் கையெழுத்துத் தொகையும் பேசி, ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரே ஒரு கால்பந்துப் பருவம் ஆட அனுமதித்தது. அந்தப் பருவத்தில் அவர் ஹைஸ்மன் கோப்பையை வென்றார். 2019ல் அரிசோனா கார்டினல்ஸ் அவரை என்எஃப்எல் டிராஃப்டின் முதல் ஆளாக எடுத்தது. வாங்கிய பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முர்ரே பேஸ்பாலை விட்டார். அவர் பேரம் பேசியதும் இரண்டு விளையாட்டு என்ற அதே பலத்தை வைத்துத்தான். ஆனால் முடிவில் அவர் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஜாக்சனுக்கு அல் டேவிஸ் கொடுத்த ஏற்பாட்டை அவருக்குக் கொடுக்க எந்த அணியும் முன்வரவில்லை.